சல்லிசான வழி

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒன்பது வருஷம் அவருக்குக் கார் ஓட்டினேன். ஒரு நாள்கூட 'டேய்' என்றதில்லை. என்னைக் கண்ணு என்பார். பெட்ரோல் பங்கில் நிற்கிறவனும் கண்ணுதான். சிக்னலில் கை நீட்டுகிறவனுக்கும் 'இல்ல கண்ணு' என்று சொல்லித்தான் கண்ணாடியை ஏற்றுவார்.

இப்போது யாராவது என்னைக் கண்ணு என்றால் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். எங்கள் பக்கம் அது பெற்றவர்கள் சொல்கிற சொல். அவர் அதை வைத்து விலை குறைப்பார்.

கோயமுத்தூரில் பவுண்டரி வைத்திருந்தவர். பம்புசெட்டுக்கு வார்ப்படம். வயதான பிறகு அதை விற்றுவிட்டு, வாடகைக்கு விட்ட கட்டிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தனூர் பக்கம் பெரிய வீடு. அதில் அவரும் அவர் சம்சாரமும் மட்டும். பிள்ளைகள் இல்லை. அவரை நான் முதலாளி என்பேன். அவர் சம்சாரத்தை அம்மா என்பேன்.

கஞ்சன் என்று சொன்னால் அவருக்குப் பொருந்தாது. கஞ்சனுக்குப் பயம் இருக்கும். நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்கிற பயம். இவருக்கு அது இல்லை. இவருக்கு இருந்தது ருசி. ஒரு பொருள் சல்லிசாகக் கிடைத்துவிட்டால் அன்று முழுக்கப் பின் சீட்டில் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே வருவார். குறைந்த காசு யாரோ ஒருத்தன் கையைக் கடித்திருக்கும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பாடுவார்.

ஒருமுறை உடுமலைப்பேட்டை ரோட்டில் இளநீர் குடிக்க நிறுத்தச் சொன்னார். மரத்தடியில் ஒரு பொம்பளை வெட்டிக்கொண்டிருந்தாள். இவர் விலை கேட்டார். அவள் சொன்னாள்.

"ஏனம்மணி, ரெண்டு வாங்கறோம். பாத்துப் போடறது."

அவள் கொஞ்சம் குறைத்தாள். குடித்தார். வழுக்கையைச் சுரண்டித் தரச் சொல்லித் தின்றார். பிறகு என்னைக் காட்டினார்.

"டிரைவர் பாவம், வெயில்ல வந்திருக்கறான். அவனுக்கு ஒண்ணு சும்மா வெட்டிக் குடு அம்மணி. புண்ணியமாப் போகுது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அதற்குள் அவள் வெட்டிவிட்டாள். நின்று குடித்தேன். தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. வண்டி எடுத்த பிறகு, "பாத்தயா கண்ணு, உனக்கும் வாங்கிக் குடுத்துட்டேன்" என்றார். துப்ப வேண்டும் போல இருந்தது. காருக்குள் எங்கே துப்புவது.

இன்னொன்று. அவருடைய அண்ணன் இறந்தபோது நடந்தது. சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று பிரேதத்தை வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் கூடத்தில் அதை இறக்கி, வயரைச் சொருகிவிட்டு நின்றான். இவர் அவன் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டிவந்தார். கண் கலங்கி இருந்தது. அது நிஜமான அழுகைதான்.

"கண்ணு, எங்கண்ணனைப் பாத்தீல்ல? ஒல்லியான ஒடம்பு. பெரிய பெட்டியக் கொண்டாந்துட்டு பெரிய பெட்டி வாடகை கேட்டா எப்பிடி? சின்னப் பெட்டிக் கணக்குப் போட்டுக்க."

சாவு வீட்டில் பேரம் பேசி அவனுக்குப் பழக்கம் இருக்காது. சரிங்க என்று போய்விட்டான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து மறுபடி அழுதார்.

அம்மா வேறு மாதிரி. பேச்சு குறைவு. காலையில் விடிந்ததும் நடக்கப் போவார். ரயில்வே லைன் ஓரமாக நெடுந்தூரம் போய்த் திரும்புவார். மருதமலைக்குப் போனால் கார் மேலே போகும், அம்மா படியில் ஏறி வருவார். நான் மேலே நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். மூச்சு வாங்காமல் வந்து சேர்வார். அந்த வயதில் அப்படிக் கால் உள்ளவர்களை நான் பார்த்ததில்லை.

அந்தக் காலுக்குத்தான் இவர் விமான நிலையத்தில் எப்போதும் வீல்சேர் சொல்லுவார். வீல்சேருக்குக் காசு கிடையாது. சொன்னால் போதும், ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவான். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கூட வருகிறவரும் அப்படியே முன்னால் போய்விடலாம். அம்மாவுக்கு அதில் உட்காரப் பிடிக்காது. "நல்லா இருக்கற காலை வெச்சுட்டு எதுக்குங்க?" என்பார். "சும்மா உக்காரு அம்மணி. எந்திரிச்சு மட்டும் போடாத. நடக்கறதைப் பாத்தா அபராதம் போட்டுருவான்" என்பார் இவர். அபராதம் என்று ஒன்று கிடையாது. அம்மாவை உட்கார வைக்க இவராகச் சொன்னது. அம்மா நம்பிவிட்டார்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம் கப்பல் பேச்சு வந்தது.

ஐரோப்பாவில் குளிர் ஆரம்பித்தால் அங்கே ஓடுகிற உல்லாசக் கப்பல்களைத் துபாய் பக்கம் கொண்டுவந்துவிடுவார்களாம். காலியாகக் கொண்டுவராமல் குறைந்த விலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரிட்டன் லோடு கண்ணு. லாரிக்காரன் காலியா வர்றதுக்குப் பதிலா கிடைச்ச வாடகைக்கு ஏத்திட்டு வருவான் பாரு, அதேதான். பார்சிலோனால ஏர்றோம், துபாய்ல எறங்கறோம். துபாய்ல இருந்து நம்மூருக்கு எட்டற தூரம். போறதுக்கு மட்டும் ஒரு பிளைட் புடிச்சாப் போதும்."

அம்மா இதற்கெல்லாம் ஆசைப்படுகிறவர் இல்லை. இதற்கு ஆசைப்பட்டார். கப்பலின் மேல் தட்டில் நடப்பதற்கென்றே சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று முதலாளி போனில் படம் காட்டினார். அம்மா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, கடல் மேலயே நடக்கலாமாமா" என்றார். அடுத்த வாரம் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி வெள்ளை நிறத்தில் ஷூ வாங்கினார். அதுவரை செருப்பில்தான் நடந்தார். கால் பழகட்டும் என்று தினமும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கப்பலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. விசாவுக்குச் சென்னை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாகிவிட்டது. பிளைட் மட்டும் எடுக்கவில்லை. விலை இறங்கும் என்று காத்திருந்தார். காரில் ஏறினால் போனைத் தடவிக்கொண்டே வருவார். திடீரென்று கை நீட்டுவார்.

"உன் போனைக் குடு கண்ணு. நான் திருப்பித் திருப்பிப் பாக்கறது தெரிஞ்சுக்கிட்டு என் போனுக்கு மட்டும் ஏத்திக் காட்டறான்."

கொடுப்பேன். என் நெட் தீரும். வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற பெண்ணின் போனையும் வாங்கிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை விலை குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா செவ்வாய்க்கிழமை எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார். இவர் ஒரு செவ்வாய்க்கிழமைதான் எடுத்தார்.

எப்படி எடுத்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். கொச்சியிலிருந்து பார்சிலோனாவுக்கு ஒரு டிக்கெட் நல்ல விலைக்கு வந்தது. இரண்டு பேர் என்று போட்டால் விலை ஏறியது. ஒருவர் என்று போட்டால் இறங்கியது. அந்த விலையில் ஒரே ஒரு சீட்தான் மிச்சம். இவர் தன் பெயரைப் போட்டு எடுத்துவிட்டார். பிறகு அம்மாவுக்குப் பார்த்தார். ஏறின விலைதான் இருந்தது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அம்மாவுக்கு வேறு வழி கண்டுபிடித்தார். கோயமுத்தூரிலிருந்து வளைகுடாவில் ஓர் ஊருக்கு ஒரு கம்பெனி டிக்கெட். அங்கிருந்து பார்சிலோனாவுக்கு வேறு கம்பெனி டிக்கெட். இரண்டும் சேர்ந்தும் சல்லிசு. பெட்டி போடக்கூடாது, கைப்பை மட்டும்.

வீட்டு வாசலில் வைத்து அம்மாவிடம் சொன்னார். நான் கார் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குத்தான் அம்மணி வசதி. நான் கொச்சி வரைக்கும் அலையோணும். நீ நம்மூர்லயே ஏறிக்கறே."

"நாந் தனியாவா? எனக்கு என்னுங்க தெரியும்?"

"தெரியவே வேண்டாம். வீல்சேர் சொல்லிப்போட்டேன். ஏறி உக்காந்தீன்னா பார்சிலோனால என் கையில கொண்டாந்து உட்ருவாங்க. நீ பண்றதெல்லாம் ஒண்ணுதான். எந்திரிக்கக் கூடாது."

அம்மா ஷூவை எடுத்து வாசல் படியில் தட்டினார். மண் எதுவும் அதில் இல்லை.

முதலாளி முதல் நாள் கிளம்பினார். கொச்சிக்குக் காரில் போனால் டீசல் ஆகும், சுங்கம் ஆகும் என்று போத்தனூர் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னார். ஒரு சின்னப் பைதான் கையில். அவருக்கு வேண்டிய பருப்புப்பொடி, எள்ளுருண்டை, முறுக்கு எல்லாம் அம்மா பையில் இருந்தது. அம்மாவுக்கென்று அதில் இரண்டு சேலைக்குத்தான் இடம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். வெள்ளை ஷூ போட்டிருந்தார். தள்ளுகிற பையன் நாற்காலியை விரித்தான். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். உட்கார்ந்தார். "வாரேன் தம்பி" என்றார். கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார்கள்.

மத்தியானம் தாண்டி எனக்குப் போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். ஒரு பொம்பளைக் குரல். எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை.

"அண்ணே, நான் இங்க ஏர்போர்ட்ல கிளீனிங் வேலை பாக்கறேன். விழுப்புரம் பக்கம். இந்தம்மா போன்ல உங்க நம்பரு இருந்துச்சு. அவங்க ஊட்டுக்காரருக்குப் போட்டா சுச்சாப்னு வருது. காலையிலேர்ந்து ஒரே எடத்துல குந்திகினு இருக்காங்கண்ணே. எழுந்திருங்கன்னா மாட்டேன்றாங்க. எழுந்தா அபராதமாம். பாத்ரூம் போவணும்னு அழுவுறாங்க."

அவள் விசாரித்துச் சொன்னது இதுதான். முதல் டிக்கெட் அந்த ஊரோடு முடிகிறது. அதனால் தள்ளியவன் அம்மாவை வெளியே போகிற பக்கம் கொண்டுபோனான். அங்கே விசா கேட்டார்கள். அம்மாவிடம் அந்த நாட்டு விசா இல்லை. அவன் ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அம்மாவுக்கு அது புரியவில்லை. உட்கார்ந்திருந்தார். அவன் வரவில்லை. கொஞ்ச தூரத்தில்தான் அடுத்த கம்பெனியின் கவுண்டர். எழுந்து நடந்துபோய் டிக்கெட்டைக் காட்டியிருந்தால் போதும். மருதமலை ஏறுகிற கால். எழுந்திருக்கவில்லை. பார்சிலோனா பிளைட் போய்விட்டது.

"அம்மாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போம்மா. அபராதமெல்லாம் இல்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றேன். கூட்டிப்போனாள். நல்லா இருக்கட்டும்.

சாயந்திரம் முதலாளி கூப்பிட்டார். பார்சிலோனாவில் இறங்கி, சும்மா கிடைக்கிற வைஃபையில் பேசினார். "எல்லாம் செஞ்சுபோட்டயா கண்ணு? ஏத்தி உட்டுட்டயா?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"இரு கண்ணு, பாக்கறேன்" என்றார். கப்பல் கிளம்புவது மறுநாள் சாயந்திரம். அம்மா அங்கிருந்து வேறு பிளைட் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். பார்க்கவும் செய்தார்.

"கண்ணு, இப்பப் போயி எடுத்தா மூணு மடங்கு சொல்றான். ஞாயமே இல்ல."

"அம்மா அங்க ஒக்காந்துட்டு இருக்கறாங்கங்க."

"வீல்சேர்லதான கண்ணு? சௌகரியமாத்தான் இருப்பா." மறுபடி தேடினார். பிறகு குரல் தெளிந்தது. "கோயமுத்தூருக்கு நாளைக்குக் காலைல ஒண்ணு இருக்குது. நெம்பச் சல்லிசு. அதுல போட்டு உட்டர்றேன்."

"கப்பலுங்க?"

"கப்பல்காரன் பணத்தைத் திருப்பித் தர மாட்டான் கண்ணு. ரெண்டு பேரும் போகாம இருந்தா ரெண்டும் போச்சு. ஒருத்தராவது ஏறோணுமல்ல?"

நான் போனை வைத்துவிட்டேன். ஒன்பது வருஷத்தில் அவர் பேசி முடிப்பதற்கு முன் நான் வைத்தது அது ஒரு முறைதான்.

மறுநாள் அந்த விழுப்புரத்துப் பெண் ஏற்றிவிட்ட பிளைட்டில் அம்மா வந்தார். நடந்து வந்தார். பின்னால் தள்ளுகிற பையன் காலி நாற்காலியில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அம்மா காலில் ஷூ இல்லை, கையில் இருந்தது. உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. ஷூ நுழையவில்லை. காரில் ஏறி வெகுநேரம் கழித்து, "எந்திரிக்க வேண்டாம்னு சொல்லி உட்டாருல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டில் இறங்கும்போது பையிலிருந்த பொடி, எள்ளுருண்டை, முறுக்கு எல்லாவற்றையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "கொழந்தைகளுக்குக் குடுங்க."

கப்பல் ஏதோ ஊரில் நின்றபோது முதலாளி கூப்பிட்டார். "கட்டில் நெம்ப அகலம் கண்ணு. குறுக்க படுத்துத் தூங்கறேன்" என்றார். பொடி இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய கார்டோடு சும்மா வந்த இன்சூரன்ஸ் ஒன்று இருக்கிறதாம். உடம்பு சரியில்லாமல் பயணம் நின்றால் பணம் வருமாம்.

"வீல்சேர்ல போனது கம்பெனி ரெக்கார்டுலயே இருக்குது. எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது. நல்ல வேளை கண்ணு, வீல்சேர் போட்டேன்."

அன்றைக்கே போனில் ஒரு படம் அனுப்பினார். கப்பல் மேல் தட்டில் நடக்கிற பாதை. யாரும் இல்லை. சுற்றிக் கடல். அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் வந்து சேர்ந்தார். நல்ல நிறமாக வந்தார். கப்பல் அறையில் இருந்த சின்னச் சோப்புகளை எல்லாம் சுருட்டி வந்திருந்தார். எனக்கு இரண்டு கொடுத்தார். "உனக்குன்னே எடுத்து வெச்சேன் கண்ணு." அன்றைக்கே போகிற வழியில் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்று சர்டிபிகேட் வாங்கினார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். வருகிற அன்று காலையில் என்னைப் பக்கத்து வீதி கிளினிக்குக்கு அனுப்பி வீல்சேர் எடுத்துவரச் சொன்னார். அங்கே வாடகை கேட்டார்கள். இவர் போனில் இரண்டு கண்ணு போட்டார். இரவல் ஆகிவிட்டது. நான்தான் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

கூடத்தில் அதை விரித்தார். மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பாசம்.

"வா அம்மணி. சித்த நேரந்தான். உக்காந்துக்க. எந்திரிக்க மட்டும் வேண்டாம்."

அம்மா வந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். நான் வாசலில் நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் செய்வதற்கு எனக்கு ஏன் அவமானம் என்று தெரியவில்லை. இருந்தது.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். நடுத்தர வயது. வெயிலில் வண்டியில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சர்டிபிகேட்டைப் படித்தார்.

"எவ்வளவு நாளா நடக்க முடியலீங்கம்மா?"

முதலாளி முந்திக்கொண்டார். "அதை ஏன் கேக்கறீங்க. பாத்ரூமுக்குக்கூட..."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவசரமே இல்லை. அப்போதுதான் அம்மாவின் காலைப் பார்த்தேன். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டிருந்தார். நேராக நடந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. காப்பியோடு வந்தார். தட்டு ஆடவில்லை. இன்சூரன்ஸ்காரர் முன்னால் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா நடப்பேன். வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்க."

அவர் காப்பியைக் குடித்தார். முழுதும் குடித்தார். சர்டிபிகேட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். முதலாளி முகத்தைப் பார்த்தேன். கோபம் வந்திருக்கும், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் அந்த ஆளின் தோளில் கை போட்டு வாசல் வரை கூட்டிவந்தார். அண்ணன் செத்த வீட்டில் ஐஸ் பெட்டிக்காரன் மேல் போட்ட அதே கை.

"செரி கண்ணு. முழுசா வேண்டாம். பாதியாச்சும் பாத்துப் போட்டுக் குடுங்க."

இன்சூரன்ஸ்காரர் ஹெல்மெட்டை மாட்டினார்.

எங்களைத் தாண்டி அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். வெயில் நல்ல உச்சி. அந்த நேரத்தில் யாரும் நடக்கப் போவதில்லை.

"அம்மணி, வெயில்ல எங்க போறே?" என்றார் இவர்.

அம்மா திரும்பவில்லை. லைன் ஓரப் பாதையில் இறங்கிவிட்டார்.

நான் வீல்சேரை மடித்து டிக்கியில் வைத்தேன். கிளினிக்கில் கொடுத்தேன். கேட்ட வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன். கார் சாவியைக் கொண்டுவந்து கூடத்து மேசையில், அந்தச் சர்டிபிகேட் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.